மின்கம்பிக்கும் வானலைக்கும் அனுமதி தருவது யார்?

மின் கட்டண பில் கூடினால் பலரும் முதலில் குறை சொல்வது தெனாகா நேஷனல் நிறுவனத்தைத்தான். ஆனால், தீபகற்ப மலேசியாவில் ஒரு கிலோவாட் மணி மின்சாரத்திற்கு எத்தனை சென் வாங்கலாம் என்பதை அந்நிறுவனம் தானாக முடிவு செய்ய முடியாது. 1990ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டத்தின்படி, கட்டணத்திற்கு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். அதற்கு முன் கணக்குகளை ஆராய்வது எரிசக்தி ஆணையம்.

மின்கம்பி, மின்மாற்றி, துணை மின்நிலையம் ஆகியவற்றை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக அமைப்பது வீண்செலவு. அதனால் ஓரிடத்தில் ஒரே கட்டமைப்புதான் இருக்கும். போட்டி இல்லாத இடத்தில் விலையைக் கட்டுக்குள் வைக்க ஆணையம் தேவைப்படுகிறது.

2014 முதல் ஊக்குவிப்பு அடிப்படையிலான ஒழுங்குமுறை என்ற திட்டம் நடப்பில் உள்ளது. வரும் ஆண்டுகளில் எவ்வளவு முதலீடு, எவ்வளவு பராமரிப்புச் செலவு, எவ்வளவு மின்தேவை என்ற கணக்கை நிறுவனம் ஆணையத்திடம் சமர்ப்பிக்கிறது. ஆணையம் அதைச் சரிபார்த்து, நியாயமான செலவையும் குறிப்பிட்ட அளவு லாபத்தையும் மட்டும் அனுமதிக்கிறது. 2025 முதல் 2027 வரையிலான நான்காவது தவணைக்கு, சராசரி அடிப்படைக் கட்டணம் 39.95 சென்னிலிருந்து 45.40 சென்னாக நிர்ணயிக்கப்பட்டு, 2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது.

அன்று முதல் பில்லில் எரிசக்தி, கொள்ளளவு, கட்டமைப்பு, சில்லறைச் சேவை எனக் கட்டணம் தனித்தனியாகக் காட்டப்படுகிறது. வீடுகளுக்குக் கட்டமைப்புக் கட்டணம் கிலோவாட் மணிக்கு 12.85 சென். கிள்ளான் மேருவில் இருந்தாலும் பிரிக்பீல்ட்ஸில் இருந்தாலும் வீடுகளுக்கு ஒரே விலைதான்.

மாதம் 200 கிலோவாட் மணி பயன்படுத்தும் குடும்பத்தைப் பார்ப்போம். கட்டமைப்புக்கு மட்டும் 25 ரிங்கிட் 70 சென். எரிசக்தியையும் கொள்ளளவையும் சேர்த்தால் 88 ரிங்கிட் 86 சென். சிக்கன ஊக்கத்தொகையாக 50 ரிங்கிட் கழிக்கப்படுவதால், கட்ட வேண்டியது 38 ரிங்கிட் 86 சென். பழைய விலையில் இது 43 ரிங்கிட் 60 சென். பயன்பாடு கூடக் கூட ஒரு கிலோவாட் மணிக்கான ஊக்கத்தொகை விகிதம் குறையும். 1,000 கிலோவாட் மணியைத் தாண்டினால் கிடைக்காது. எனவே, 'கட்டணம் ஏறிவிட்டது' என்ற பேச்சை நம்புவதைவிட, சொந்த பில்லின் வரிகளைப் படிப்பதே நல்லது.

அனுமதிக்கப்பட்ட முதலீடுகளில் ஸ்மார்ட் மீட்டரும் ஒன்று. மீட்டர் வாசிப்பாளர் வராமலே பல மீட்டர்கள் வானலை வழியாகக் கணக்கை அனுப்புகின்றன. இங்கே இன்னோர் ஆணையம் வருகிறது.

1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி, மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் ஒதுக்கீடு இல்லாமல் அலைவரிசையைப் பயன்படுத்துவது குற்றம். ஒதுக்கீடு மூவகைப்படும். தொலைபேசி நிறுவனங்கள் போன்றவற்றுக்கு அலைக்கற்றை ஒதுக்கீடு. குறிப்பிட்ட கருவிக்குக் கருவி ஒதுக்கீடு. வைஃபை போன்ற குறைந்த சக்திச் சாதனங்களுக்குத் தனி விண்ணப்பம் தேவைப்படாத பொதுவகை ஒதுக்கீடு.

கோயில் திருவிழாவில் கூட்டத்தைக் கட்டுப்படுத்த வாக்கி-டாக்கி வாங்கும் தொண்டர் குழுக்களுக்கும் இது பொருந்தும். 477 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் குறைந்த சக்திக் கருவிகள் பொதுவகையில் அடங்கும். சக்தி கூடியவற்றுக்குக் கருவி ஒதுக்கீடு பெற வேண்டும். எதுவானாலும் சிரிம் சான்று முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். மலிவு விலையில் இணையத்தில் கிடைக்கும் கருவி, அவசர சேவைகளின் அலைவரிசையில் குறுக்கிட்டால் ஓர் உயிருக்கே ஆபத்தாகலாம்.

தமிழ்நாட்டில் மின் கட்டணத்தை மாற்றும் முன் ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். 2022இல் கோவை, மதுரை, சென்னை ஆகிய நகரங்களில் அத்தகைய கூட்டங்கள் நடந்தன. மலேசியாவில் இறுதி முடிவு அரசாங்கத்தின் கையில் உள்ளது. ஆனாலும் பயனீட்டாளருக்கு வழி இல்லாமல் இல்லை.

பில்லில் சந்தேகம் இருந்தால் முதலில் தெனாகாவிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்து, புகார் எண்ணைப் பத்திரப்படுத்த வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் எரிசக்தி ஆணையத்தை நாடலாம். தோட்ட லயத்திலோ வாடகை அறையிலோ நிர்வாகம் அல்லது உரிமையாளர் வழியாக மின்சாரம் பெறுவோரும் தயங்க வேண்டியதில்லை. பிறருக்கு மின்சாரம் விநியோகிக்க உரிமம் தேவை என்பது சட்டம். விதிக்கப்படும் விலை எந்த அடிப்படையில் என்று ஆணையத்திடம் கேட்பது அவர்களின் உரிமை.