பேரிடர் நேரத்துக்கு ஒரு கை ரேடியோ: எதைப் பார்த்து வாங்குவது?

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகப்பட்டினம், வேதாரண்யம் இடையே கரை கடந்தபோது, கரண்ட்டோடு செல்போனும் போனது. அப்படிப்பட்ட வேளையில் டவர் இல்லாமலேயே பேச உதவுவது 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் ரேடியோ.

முதலில் உரிமம். நம் நாட்டில் மத்திய அரசின் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக் குறியும் பெற்ற பிறகே இதில் பேச முடியும். 12 வயது ஆனவர்கள் எழுதலாம்; பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கலாமே! ஆன்லைனில் யாரும் கேட்காமல் விற்கிறார்கள் என்று வாங்கிவிட வேண்டாம்.

144–146, 434–438 மெகாஹெர்ட்ஸ் இரண்டும் உள்ள கருவியாக இருக்கட்டும். வாட்ஸைக் கூட்டிச் சொன்னால் மயங்காதீர்கள். 5 வாட் போதும். அதற்கு மேல் பேட்டரிதான் சீக்கிரம் தீரும். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. அதனால் தெருவில் எட்டாத ஆள் மொட்டை மாடியில் ஏறினால் எட்டுவார். மிச்சப் பணத்தில் நல்ல ஆன்டெனா வாங்குங்கள்.

நாம் பெரிதாக நினைப்பது பேட்டரியை. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் செல்லையே போட்டுக்கொள்ள உறை கிடைக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கரண்ட் இல்லாத மூன்றாம் நாள் பெட்டிக்கடையில் கிடைப்பது அதுதான். கம்ப்யூட்டர் இல்லாமல், பொத்தானை அழுத்தியே அலைவரிசை மாற்ற வீட்டில் இரண்டு பேராவது பழகியிருக்க வேண்டும்.