'4கே கேமரா'னு போட்டிருந்தா நம்பிடாதீங்க! கோடிங் செய்து பறக்கவிட, பட்ஜெட்டில் முதல் ட்ரோன் வாங்குவது எப்படி?

ரீல்ஸைத் திறந்தால் ட்ரோன் ஷாட். கல்யாண மண்டபத்துக்குப் போனால் தலைக்கு மேல் ட்ரோன் சத்தம். குரோம்பேட்டை எம்.ஐ.டி-யின் 'தக்‌ஷா' அணிக்கு நடிகர் அஜித் ஆலோசகராக இருந்ததும், 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த போட்டியில் அந்த அணி இரண்டாமிடம் பிடித்ததும் இங்கே பலருக்கும் ட்ரோன் ஆசையைக் கிளப்பிவிட்டன. அதிலும் பைத்தான் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு ஆசை டபுள். நாம எழுதுற கோடைக் கேட்டு ஒரு பொருள் காத்துல பறக்கும்னா சும்மாவா?

ஆனால், சேர்த்து வைத்த பணத்தைக் கொட்டும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால், தப்பான ட்ரோனை வாங்கினால் அது இரண்டாவது வாரமே அலமாரிக்கு மேலே போய்விடும்.

கேமரா வேற, கோடிங் வேற!

முதல் குழப்பமே இங்கேதான். கேமரா இருக்கும் ட்ரோனையெல்லாம் புரோகிராம் செய்ய முடியாது. ஆன்லைனில் '4கே' என்று விற்கப்படும் மலிவு விலை ட்ரோன்கள் பெரும்பாலும் பொம்மை ரகம். அதன் ஆப்பில் விரலால் கோடு போட்டால் அந்தப் பாதையில் போகும். அதை 'புரோகிராமபிள்' என்று விளம்பரம் செய்வார்கள். அது கோடிங் அல்ல.

நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான். அந்த ட்ரோனுக்கு எஸ்.டி.கே, அதாவது கட்டளைகளை விளக்கும் கையேடும் மென்பொருள் தொகுப்பும், பொதுவெளியில் கிடைக்கிறதா? ட்ரோன் பெயரையும் 'பைத்தான்' என்ற சொல்லையும் சேர்த்து கூகுளில் தேடுங்கள். உதாரண கோடுகள் வரிசையாக வந்தால் ஓகே. ஒன்றுமே வரவில்லை என்றால் அடுத்ததைப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான ரகமும் உண்டு. ஸ்வீடனின் பிட்கிரேஸ் நிறுவனத்தின் 'கிரேஸிஃப்ளை' 27 கிராம்தான். கோடிங்குக்கு அட்டகாசமானது. ஆனால் கேமரா தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும், பட்ஜெட் எகிறிவிடும்.

டெல்லோவை ஏன் எல்லாரும் சொல்றாங்க?

பட்ஜெட், கேமரா, கோடிங் மூன்றும் சேர்ந்த ட்ரோன் என்றால் அதிகம் அடிபடும் பெயர் 'டெல்லோ'. சீனாவின் ரைஸ் நிறுவனம், டி.ஜே.ஐ தொழில்நுட்பத்துடன் 2018-ல் கொண்டுவந்தது. அறிமுக விலை 99 டாலர். எடை சுமார் 80 கிராம். 720பி வீடியோ, 5 மெகாபிக்சல் போட்டோ. ஒரு சார்ஜில் அதிகபட்சம் 13 நிமிடங்கள். நடைமுறையில் அதைவிடக் குறைவு.

இது வேலை செய்யும் விதம் எளிது. டெல்லோ தனக்கென ஒரு வைஃபை உருவாக்கும். லேப்டாப்பை அதில் இணைத்து, 'மேலே ஏறு', '50 செ.மீ முன்னே போ', 'இறங்கு' என்று ஒவ்வொரு கட்டளையாக அனுப்ப வேண்டும். ஒரு நகர்வு குறைந்தது 20 செ.மீ, அதிகபட்சம் 500 செ.மீ. 15 விநாடிகள் எந்தக் கட்டளையும் வராவிட்டால் தானே தரையிறங்கிவிடும். வீடியோவை ஓப்பன்சிவி கொண்டு படித்து, முகத்தைப் பின்தொடரும் கோடு வரை எழுதலாம்.

ஒரு டிப்ஸ்: ட்ரோன் வைஃபையில் இணைந்ததும் லேப்டாப்பில் இன்டர்நெட் போய்விடும். தேவையான லைப்ரரிகளை முன்பே இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.

'டெல்லோ இ.டி.யு' மாடல் வீட்டு ரவுட்டரிலேயே இணையும் என்பதால், பல ட்ரோன்களைச் சேர்த்துப் பறக்கவிடலாம். ஒரே ஒரு ட்ரோன்தான் என்றால் சாதா டெல்லோவே போதும்.

சிக்கல்களும் உண்டு. கேமராவுக்கு கிம்பல் கிடையாது. மெமரி கார்டு போட இடமில்லை. வீடியோ உங்கள் போனில்தான் பதிவாகும். காற்று அடித்தால் இழுத்துக்கொண்டு போய்விடும். அடிப்பக்க சென்சார் தரையைப் பார்த்துத்தான் ஓரிடத்தில் நிற்கிறது என்பதால், இருட்டிலும் பளபள டைல்ஸ் மீதும் தடுமாறும். சினிமா ஷாட் எடுக்க இது ஆகாது. கத்துக்க ஆகும்.

இந்தியாவில் வாங்க முடியுமா?

இதுதான் முக்கியமான கேள்வி. 2022 பிப்ரவரி முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை விதித்திருக்கிறது. பிரித்துப்போட்ட முழு கிட்டுக்கும் தடை பொருந்தும். ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதியுடன் விலக்கு. உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. ஆகவே, 'வெளிநாட்டு வெப்சைட்ல ஆர்டர் போட்டா சீப்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கஸ்டம்ஸில் பார்சல் மாட்டினால் பணமும் போகும், ட்ரோனும் போகும்.

டெல்லோ தயாரிப்பும் நின்றுவிட்டது. இப்போது கிடைப்பது பழைய ஸ்டாக் அல்லது செகண்ட் ஹேண்ட். வாங்கும் முன் பில் கேளுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. நேரில் இரண்டு நிமிடம் பறக்கவிட்டு, ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

உள்நாட்டில் மும்பையின் ட்ரோனா ஏவியேஷன், 'ப்ளூட்டோ' என்ற பெயரில் மாணவர்களுக்கான புரோகிராமபிள் ட்ரோன்களைத் தயாரிக்கிறது. எந்த கிட்டில் கேமரா வருகிறது என்று கேட்டு உறுதிசெய்த பிறகு ஆர்டர் போடுங்கள். சால்டரிங் பழக்கம் உள்ளவர்கள், எஸ்பிரெசிஃப் நிறுவனம் இலவசமாக வெளியிட்டிருக்கும் 'ஈ.எஸ்.பி ட்ரோன்' வடிவமைப்பைப் பார்த்து, பாகங்கள் வாங்கித் தாங்களே செய்யலாம். அதில் கேமரா கிடையாது.

சட்டம் என்ன சொல்லுது?

ட்ரோன் விதிகள் 2021-ன்படி, 250 கிராம் வரை 'நானோ' வகை. இதை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதற்காக எங்கு வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்று அர்த்தமில்லை. டிஜிட்டல் ஸ்கை மேப்பில் பச்சை, மஞ்சள், சிவப்பு என மண்டலங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பச்சையில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி வேண்டாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 கி.மீ-க்குள் இருந்தால் மஞ்சள் அல்லது சிவப்பு. அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. பல்லாவரம், குரோம்பேட்டைவாசிகள் மொட்டைமாடிக்கு ஏறும் முன் மேப்பைப் பாருங்கள். பதிவு விதிகளையும் வாங்கும் அன்றே சரிபாருங்கள்.

அப்புறம், பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். மேப் பச்சையாக இருந்தாலும் அது தப்புதான்.

பட்ஜெட்டைப் பிரிப்பது எப்படி?

மொத்தப் பணத்தையும் ட்ரோனுக்கே செலவழிக்காதீர்கள். கால்வாசியை ஒதுக்கிவையுங்கள். கூடுதலாக ஒரு பேட்டரி, இரண்டு செட் புரொப்பெல்லர், இறக்கைப் பாதுகாப்பு வளையம் ஆகியவை கட்டாயம். கோடில் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டால் ட்ரோன் சுவரில்தான் போய் முட்டும்.

வாங்கும் முன் ஒரு மாதம் சிமுலேட்டரில் பழகுங்கள். 'வெபாட்ஸ்' இலவசம். அதில் கிரேஸிஃப்ளை, மேவிக் ட்ரோன் மாடல்கள் ரெடியாக இருக்கின்றன, பைத்தானிலேயே பறக்கவிடலாம். ஒரு மாதம் கழித்தும் ஆர்வம் குறையவில்லையா? தாராளமாக வாங்குங்கள். குறைந்துவிட்டதா? உங்கள் பணம் உங்களிடமே இருக்கும்!