தூண்டில் போட்ட பெண்களின் விரிகுடா

சிட்னியின் சர்க்குலர் கீ படகுத்துறையில் ஃபெரி ஏறிக் கிழக்கே போனால், துறைமுகத்தின் வாயருகே வாட்சன்ஸ் பே வரும். அங்கே மணலை ஒட்டி நிற்கிறது டாயில்ஸ் உணவகம். பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் தட்டில் இருக்க, எதிரே நகரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்த்தபடி சாப்பிடலாம். அந்தக் குடும்பம் இந்தக் கரையில் மீன் சமைத்துப் பரிமாறத் தொடங்கிய ஆண்டு 1885 என்கிறார்கள். 1948-க்குப் பிறகு ஆலிஸ் டாயில் அதை ஊரறிந்த இடமாக்கினார்.

ஆனால் இந்த விரிகுடாவில் மீன் சுட்ட முதல் அடுப்பு 1885-இல் மூட்டப்பட்டதல்ல. பல்லாயிரம் ஆண்டுகளாக இங்கே மீன் பிடித்தவர்கள் இந்த மண்ணின் ஆதிக்குடிகள். தூண்டில் வேலை பெண்களுடையது. ஒரே மரப்பட்டையை மடித்துக் கட்டிய ஓடம், சிப்பியைத் தேய்த்து வளைத்த தூண்டில் முள், மரப்பட்டை நாரில் முறுக்கிய கயிறு. ஓடத்தின் நடுவே களிமண் பரப்பி, அதன்மேல் சிறு நெருப்பு. கைக்குழந்தையோடு கடலில் இருந்தபடியே பிடித்த மீனைச் சுட்டு உண்டார்கள்.

1788 ஜனவரி 21 அன்று, குடியேற்றத்துக்கு இடம் தேடி வந்த ஆளுநர் ஆர்தர் ஃபிலிப்பின் படகுகள் பக்கத்திலுள்ள கேம்ப் கோவ் (Camp Cove) கரையில் ஒதுங்கின. அடுத்த ஆண்டே பெரியம்மை பரவியது. சிட்னியைச் சுற்றியிருந்த ஆதிக்குடிகளில் ஏறத்தாழ பாதிப் பேரை அது கொண்டுபோனது. ஓடங்கள் குறைந்தன; கடலில் மிதந்த அந்தச் சிறு நெருப்புகளும் குறைந்தன.

ஃபிலிப்பின் முதல் கப்பல் தொகுதியில் வந்த மாலுமி ராபர்ட் வாட்சனின் பெயரே இன்று விரிகுடாவின் பெயர். கப்பல்களுக்கு வழிகாட்டியாக இருந்த அவர், 1818-இல் மேட்டின்மீது எழுந்த மக்குவாரி கலங்கரை விளக்கத்தின் முதல் காவலரானார். வழிகாட்டிகளும் மீனவர்களும் வாழும் சிற்றூராக இடம் வளர்ந்தது.

விளக்கு இருந்தும் கடல் உயிர் கேட்டது. 1857 ஆகஸ்ட் 20 இரவு, துறைமுக வாயைத் தவறவிட்ட டன்பார் கப்பல் ஊருக்குப் பின்புறமுள்ள பாறைச் சுவரில் மோதி நொறுங்கியது. 121 பேர் மாண்டனர். பாறை இடுக்கைப் பற்றிக்கொண்ட ஜேம்ஸ் ஜான்சன் ஒருவரே பிழைத்தார். மறு ஆண்டே தெற்கு முனையில் ஹார்ன்பி கலங்கரை விளக்கம் எழுந்தது.

புயலும் பாறையும் செய்யாத கேட்டை ஆலைக்கழிவு செய்தது. துறைமுகத்தின் மேற்கே, ஹோம்புஷ் விரிகுடாக் கரையில் களைக்கொல்லி தயாரித்த ஆலையின் நச்சு சேற்றில் படிந்தது. அதிலிருந்த டயாக்சின் மீனுக்குள் ஏறியது. 2006-இல் சிட்னி துறைமுகம் முழுவதிலும் வணிக மீன்பிடிப்பு தடை செய்யப்பட்டது. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுவோருக்கும் எச்சரிக்கை வந்தது: சிட்னி துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடித்ததைத் தின்னாதீர்கள், கிழக்கே பிடித்ததை அளவோடு தின்னுங்கள்.

சிப்பி முள்ளும் நார்க்கயிறும் பல நூற்றாண்டுகள் எடுத்தும் வற்றாத கடல் இது. அதைத் தொழிற்சாலைக் காலம் ஒரு நூற்றாண்டுக்குள் கெடுத்துவிட்டது. இன்று இந்தத் துறைமுகத்தைப் பார்த்தபடி மீன் சாப்பிடலாம். விற்பனைக்கு ஒரு மீனைக்கூட அதிலிருந்து பிடிக்க முடியாது.