மானிப்பாயில் ஒரு சிறு வகுப்பு

அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மாணவர் சிலருக்கு மேலைத்தேய வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். 1873இல் அவர் நிரந்தரமாக ஊர் திரும்பியபோது, மானிப்பாயில் அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபது சொச்சம் பேர்தான். இன்று ஒரு மருத்துவ பீடத்தில் ஒரே ஆண்டில் அதைவிடக் கூடுதலானோர் சேருகிறார்கள்.

முதலில் ஆங்கிலத்தில் படிப்பித்தவர் 1860களில் தமிழுக்கு மாறினார். நரம்புக்கும் நோய்க்கும் தமிழிற் சொல் வேண்டுமே! மொழிபெயர்ப்பில் மாணவர்களும் இறங்கினார்கள். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், கெமிஸ்தம் (பெயர் இன்று சிரிப்பூட்டலாம், அன்று அது இரசாயனம்) என்று நூல்கள் வந்தன. தங்கள் பாடநூலுக்குத் தாங்களே சொல் தேடிய வகுப்பு அது. நூறு பேர் நிறைந்த மண்டபத்தில் இது நடக்குமா? வாட்டில் ஒரு கட்டிலைச் சுற்றி ஐந்தாறு மாணவர் நிற்கும் நாட்களில், ஒருத்தியின் கேள்வி அன்றைய பாடத்தையே திருப்பிவிடும். கிறீன் கண்ட சந்தோசத்தில் கொஞ்சம் எனக்கும் தெரியும்.

ஆனால் அவர் வகுப்பில் பெண்கள் இல்லை. பிரசவ வைத்தியத்தையும் ஆண்களே படித்தார்கள். பெண்களுக்கென்று இணுவிலில் மக்லியொட் ஆஸ்பத்திரி வந்தது 1898இல். கிறீன் காலமாகி 14 ஆண்டுகளின் பின்.

நூறாண்டு கழித்து, எங்கள் பாடசாலை உயர்தர விலங்கியல் வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர். தேரை வெட்ட ஒரே ஒரு தட்டு. ஒன்பது தலைகளும் அதன்மேல், ரீச்சரின் தலையோடு பத்து.