துரும்பு கொடுத்தபின் பிள்ளை யாருக்கு?

மதுரைக்கு மேற்கே கள்ளர் நாட்டில் ஒரு கல்யாணம் முறிந்தது என்று ஊரறியச் சொல்ல வைக்கோல் துரும்பு ஒன்று போதுமானதாக இருந்தது. சாதிக்காரர்கள் கூடியிருக்க, கணவன் அதை மனைவியிடம் கொடுப்பான். கொடுத்தால் தீர்ந்தது. தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909-இல் வந்த தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளில் இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. தமிழகத்தின் பல சாதிகளில் தீர்த்துக்கொண்ட பெண் வேறொருவரைக் கட்டிக்கொள்ளத் தடை இல்லை. பிள்ளைகள் மட்டும் பெரும்பாலும் தகப்பன் வழியோடு போனார்கள்.

இன்று விவாகரத்தான தாயும் தகப்பனும் பிள்ளையைச் சேர்ந்து வளர்க்கும்போது, மறுமணத்தால் புதிதாக வந்தவருக்கு எதுவரை உரிமை என்ற சண்டை வருகிறது. அன்று அந்தச் சண்டைக்கு இடமில்லை. புது வீட்டுக்குப் பிள்ளையே வராதபோது எல்லை எதற்கு?

பிள்ளை தகப்பன் வழிக்கே என்ற இதே மனப்போக்கை ஆங்கிலேயர் சட்டம் எழுத்தில் ஏற்றியது. ஈஸ்வர சந்திர வித்யாசாகர் போராடிப் பெற்ற 1856-ஆம் ஆண்டு விதவை மறுமணச் சட்டத்தைப் புரட்சி என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன, புரட்சிதான். ஆனால் அதன் 3-ஆம் பிரிவைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். கணவன் உயிலில் யாரையும் காப்பாளராக நியமிக்காமல் இறந்து, மனைவி மறுமணம் செய்தால், அவனுடைய பெற்றோரோ ஆண் உறவினரோ பிள்ளைகளுக்கு வேறு காப்பாளர் கேட்டு நீதிமன்றம் போகலாம். மனைவியை இழந்து மறுமணம் செய்த ஆணுக்கு எதிராக இப்படியொரு பிரிவு எழுதப்படவில்லை. ஊரெல்லாம் சித்தி கொடுமைக் கதை சொல்லிக்கொண்டிருந்த நாட்டில், சட்டம் சந்தேகப்பட்டது மாற்றாந்தகப்பனை மட்டும்தான்.

அந்தச் சட்டம் 1983-இல்தான் நீக்கப்பட்டது.

இடையில் 1890-இல் காப்பாளர் சட்டம் வந்தது. 1949-இல் சென்னை மாகாணம் இந்துக்களுக்கு விவாகரத்து வழங்கிச் சட்டம் இயற்றியது. 1955-இல் நாடு முழுவதும் அது வந்தது. மறு ஆண்டு வந்த இந்து சிறார் காப்பாளர் சட்டத்தின் 6-ஆம் பிரிவில், கீழே ஒரு விளக்கக் குறிப்பு உண்டு: அங்கே தகப்பன், தாய் என்றால் மாற்றாந்தகப்பனும் மாற்றாந்தாயும் சேர மாட்டார்கள். அவ்வளவுதான். புதிதாக வந்தவர் யார் இல்லை என்று மட்டும் அந்தப் பிரிவு சொல்கிறது. ஒரே வீட்டில் பத்து வருஷம் சோறு போட்டு, காய்ச்சலில் கண்விழிக்கிறவர் பிள்ளைக்கு யார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அந்த மௌனம் எவ்வளவு நோகடிக்கும் என்பதை ஆந்திராவில் தொடங்கிய ஒரு வழக்கு காட்டியது. கணவனை இழந்து கைக்குழந்தையோடு மறுமணம் செய்தவர் ஒரு தாய். காப்பாளர் உரிமை கேட்டு முதல் கணவரின் பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். குழந்தை தாயிடமே இருக்கலாம் என்ற உயர்நீதிமன்றம், பதிவேடுகளில் அவருடைய இந்நாள் கணவரின் பெயரைப் போடுவதானால் ‘மாற்றாந்தகப்பன்’ என்று குறிப்பிட்டே போட வேண்டும் என்றது. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அது பிள்ளையின் மனநிலையையும் சுயமதிப்பையும் எண்ணிப்பாராத கொடுமை என்றும், பிள்ளையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்றும் சொன்னது. நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலான அநீதியில் ஒரு பகுதியையாவது அந்தத் தீர்ப்பு சரிசெய்தது.

அந்த வழக்கில் எதிர்த்தரப்பு தாத்தா பாட்டி. விவாகரத்தான குடும்பத்திலோ இன்னொரு பெற்றவர் உயிரோடு இருக்கிறார்; அவருக்கும் உரிமை உண்டு, வலியும் உண்டு. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை அழைத்துவருவது யார், மதிப்பெண் அட்டையில் கையெழுத்து யாருடையது, கண்டிப்பது யார் பொறுப்பு, புதியவரை எந்த முறை சொல்லிக் கூப்பிடுவது ஆகியவற்றைச் சட்டம் ஒவ்வொன்றாகச் சொல்லப்போவதில்லை. இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் வந்த 13பி பிரிவின்கீழ் பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்கள் நகையையும் ஜீவனாம்சத்தையும் மனுவில் வரி வரியாக எழுதுகிறார்கள். வக்கீலிடம் சொல்லி இவற்றையும் அதிலேயே எழுதி வையுங்கள், வீட்டுக்குப் புதிதாக யாரும் வருவதற்கு முன்பே.