அருமைக்காரரும் ஐரிஷ் கல்யாணமும்

ஐரிஷ் பாணியில் கல்யாணம் என்றால் இன்றைக்கு ஒரு பட்டியலே சொல்வார்கள். மணமக்களின் கைகளைச் சேர்த்து வைத்து நாடாவால் கட்டுவது, இரண்டு கைகள் ஒரு இதயத்தை ஏந்தும் கிளாடா மோதிரம், குதிரை லாடம், மணப்பெண் கையில் ஒரு கைக்குட்டை (பிறகு அதையே தைத்துக் குழந்தைக்குத் தொப்பியாக்குவார்களாம்!). பார்க்க அழகுதான். ஆனால் இதில் எது பழசு, எது புதுசு என்று பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும். அந்த ஆச்சரியத்தோடு நம் கணபதிப் பக்கம் திரும்பிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

கிளாடா என்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில் கால்வே நகரை ஒட்டியிருந்த மீனவர் குடியிருப்பு. மோதிரம் சுமார் 1700லிருந்து கிடைக்கிறது. அது உண்மையான பழசு. கைகளைக் கட்டும் சடங்கின் கதை வேறு. கைகோர்த்து மண ஒப்பந்தம் செய்வது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லாம் அறிந்த வழக்கம். அயர்லாந்தில் டெல்டவுன் என்ற இடத்தில் ஆணும் பெண்ணும் கைகோர்த்து ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்து பார்ப்பார்கள், பிடிக்கவில்லை என்றால் அங்கேயே வந்து ஆளுக்கொரு திசையில் நடந்து பிரிந்துவிடுவார்கள் என்று ஊர்மக்கள் சொன்னதை 1830களில் ஜான் ஓ'டோனவன் என்ற அறிஞர் எழுதி வைத்தார். ஆனால் நாடாவைச் சுற்றி முடிச்சுப் போடுவது பெரும்பாலும் 20ம் நூற்றாண்டில் பரவியது. அதாவது அறுந்துபோன மரபை நினைவிலிருந்தும் கற்பனையிலிருந்தும் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

அறுந்துபோக என்ன காரணம்? பழைய ஐரிஷ் சட்டம் ஒரே மாதிரிக் கல்யாணத்தை மட்டும் ஏற்கவில்லை. கி.பி. 700 வாக்கில் எழுதப்பட்ட ஒரு சட்ட நூல் ஆண் பெண் உறவைப் பல வகையாகப் பிரிக்கிறது. முதல் மூன்று வகைகளுக்கு அளவுகோல் சொத்துதான். இருவரும் சொத்தோடு வந்தால் ஒன்று, ஆணின் சொத்தில் வாழ்ந்தால் இன்னொன்று, பெண்ணின் சொத்தில் ஆண் வந்து வாழ்ந்தால் மூன்றாவது! மாப்பிள்ளை வீடுதான் பெண்ணுக்காகப் பொருள் கொடுத்தது, நம்மூர்ப் பரிசம் போல. 17ம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் சட்டம் முழுதாகப் பிடித்த பிறகு அது போயிற்று. 1845ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் மிச்சத்தையும் மாற்றியது. நிலத்தைத் துண்டு போடாமல் ஒரே மகனுக்குக் கொடுக்கும் பழக்கம் வலுத்தது. பெண் வீடு வரதட்சணை கொடுக்க வேண்டியதாயிற்று. தரகர் வந்தார். கல்யாணத்துக்கு முன் பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீட்டு நிலத்தை நடந்து பார்த்து, மாடுகளை எண்ணிவிட்டுத்தான் பேச்சை முடிப்பார். கிளேர் மாவட்டத்தில் 1930களில் தங்கி ஆய்வு செய்த இரண்டு அமெரிக்கர்கள், ஆரன்ஸ்பெர்க்கும் கிம்பாலும், இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். கொங்கு நாட்டில் தோட்டத்தையும் கிணற்றையும் தண்ணீர் மட்டத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெண் கொடுப்பார்கள் என்று சொன்னால் அந்த ஐரிஷ்காரருக்கு விளக்கமே தேவைப்படாது.

இனி நம் பக்கம். கணபதி ஒரு காலத்தில் கோவைக்கு வெளியே தனி ஊர். இன்றைக்கு சத்தி ரோட்டில் பட்டறைகளும் டெக்ஸ்டூல் பஸ் ஸ்டாப்பும் மண்டபங்களுமாக நகரத்துக்குள் இருக்கிறது. இங்கே நடக்கும் கொங்கு வேளாளர் கல்யாணத்தில், மண்டபம் ஏசியாக இருந்தாலும், அருமைக்காரர் இல்லாமல் பல வீடுகளில் இன்றும் வேலை நடக்காது. அருமைக்காரர் புரோகிதர் அல்ல. அதே சமூகத்தைச் சேர்ந்த குடும்பஸ்தர். மனைவி மக்களோடு வாழ்பவராக இருக்க வேண்டும், அதற்கென்று உள்ள சீரைச் செய்துகொண்டிருக்க வேண்டும். அவர் மனைவி அருமைக்காரி. முகூர்த்தக்கால் நடுவதிலிருந்து கங்கணம் அவிழ்ப்பது வரை அவர்கள் கைதான் படும். வேதமும் ஓமமும் இல்லாமலே நடந்து வந்த கல்யாணம் இது. ஐயர் வந்து சேர்ந்தது பிற்பாடு.

சீர்களை எல்லாம் சொன்னால் பக்கம் தாங்காது. உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்வது, நாட்டுக்கல்லைக் கும்பிடுவது (கொங்கு 24 நாடு என்ற பழைய பிரிவின் ஞாபகம் அது), மணமக்கள் கையைச் சேர்த்து வைக்கும் கைகோர்வை... அயர்லாந்தில் தேடிப்பிடித்துத் திரும்பக் கட்டுவதை இங்கே விடாமல் செய்துகொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டு சீர்களைப் பற்றி மட்டும் நின்று பேச வேண்டும்.

முதலாவது இணைச்சீர். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு மேடைக்கு வருவது மணப்பெண் அல்ல, அவன் அக்காவோ தங்கையோ. கூடப்பிறந்தவள் இல்லை என்றால் பெரியப்பா, சித்தப்பா மகள். சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம். 1960களில் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்து 1972ல் புத்தகம் எழுதிய பிரெண்டா பெக் இதில் ஒரு உரிமைப் பேச்சைப் பார்த்தார். தம்பிக்குப் பிறக்கும் பிள்ளையை நாளைக்குத் தன் பிள்ளைக்குக் கேட்கும் உரிமை. புகுந்த வீட்டுக்குப் போய்விட்ட பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் என்ன மிச்சம் என்ற கேள்விக்கு அந்தக் காலத்து பதில் அது. 1989ல் தமிழ்நாடு சட்டம் திருத்தி மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணமும் குறைந்துவிட்டது. சேலை முனை மட்டும் அப்படியே இருக்கிறது. பங்கைக் கேட்காமல் விட்டுக்கொடுக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று யோசித்தால், அந்தச் சேலை முனை வெறும் அலங்காரமா என்ற சந்தேகம் வராமல் போகாது.

இரண்டாவது மங்கல வாழ்த்து. கம்பர் எழுதிக் கொடுத்தது என்று சொல்வார்கள். கல்யாணத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் வரிசையாகச் சொல்லி வாழ்த்தும் நீண்ட பாட்டு. இதைப் பாடுவது பண்டிதரோ புலவரோ அல்ல, ஊர் நாவிதர். குடிமகன் என்று அழைக்கப்பட்டவர். பாட்டு முழுதும் மனப்பாடம், தலைமுறை தலைமுறையாக. அவர் பாடாமல் கல்யாணம் நிறையாது. ஆனால் பாடி முடித்தவருக்கு அந்தப் பந்தியில் சமமாக இடம் கிடைத்ததா என்றால், இல்லை. ஊரிலிருந்து வருடக் கூலியாகத் தானியமும், கல்யாணத்துக்குக் கல்யாணம் கொஞ்சம் பணமும் துணியும் வாங்கிக்கொண்டு தள்ளி நிற்க வேண்டிய வாழ்க்கை. அவர் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனதை மரபு அழிகிறது என்று வருத்தப்படுகிறவர்கள், அந்த மரபு அவரை எங்கே நிறுத்தியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்போது பல இடங்களில் பாட்டு ஒலிபெருக்கியில் பதிவாக ஓடுகிறது. இன்னொன்று, கைம்பெண்ணான தாய் தன் மகன் சீரிலேயே ஒதுங்கி நிற்பதும் இந்த மரபில்தான் இருந்தது, பல வீடுகளில் இன்னும் இருக்கிறது.

இப்படி நடக்கும் கல்யாணம் சட்டப்படி செல்லுமா? செல்லும். 1955ம் வருட இந்துத் திருமணச் சட்டம் 7வது பிரிவில், இரு தரப்பில் ஒருவரின் வழக்கப்படி சடங்கு நடந்தால் போதும் என்கிறது. வழக்கமே இல்லாமல், மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ தாலி கட்டியோ செய்யும் சுயமரியாதைத் திருமணத்துக்குத்தான் அண்ணா ஆட்சியில் 1967ல் 7ஏ என்ற தனிப்பிரிவு வேண்டியிருந்தது. அயர்லாந்தில் மதம் சாராத மனிதநேயச் சங்கத்தார் சட்டப்படி கல்யாணம் நடத்திவைக்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த ஒரு விஷயத்தில் நாம் 45 வருடம் முந்தி!

ஐரிஷ் வாசனையோடு கோவையில் கல்யாணம் திட்டமிடுகிறவர்களுக்கு நடைமுறையில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. 7ஏ பிரிவில் மோதிரம் மாற்றுவதே போதும் என்பதால் கிளாடா மோதிரத்துக்குத் தடை கிடையாது. கையை நாடாவால் கட்ட நினைத்தால் கைகோர்வை ஏற்கனவே இருக்கிறது, ஒரு துண்டுத் துணிதான் கூடுதல் செலவு. தேதியில் மட்டும் கவனம் வேண்டும். அயர்லாந்தில் முன்பெல்லாம் தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் அதற்கு முந்தைய நாட்களில் கூட்டம் அலைமோதியது. இங்கே ஆடியும் மார்கழியும் அப்படி. லிஸ்டூன்வார்னா ஊரில் வரன் பார்க்கும் திருவிழா நடப்பது அறுவடை முடிந்த செப்டம்பரில். அதில் பாதி நமக்குப் புரட்டாசி, மண்டபக்காரர் வாடகையைக் குறைத்தாலும் பாட்டி சம்மதிக்க மாட்டார். எந்த முறையில் செய்தாலும், 2009ம் வருடச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும்.