யன் தாரு

யன் தாரு என்பது இன்றைய வட நைஜீரியாவில், அன்றைய சொக்கோட்டோ கிலாஃபத்தில், 19ஆம் நூற்றாண்டில் உருவான பெண்களின் மார்க்கக் கல்வி அமைப்பு. கிலாஃபத்தை நிறுவிய உஸ்மான் தான் ஃபோதியோவின் மகள் நானா அஸ்மாவு (1793–1864) இதைக் கட்டியெழுப்பினார். பெண்ணிடம் பெண் ஓதும் வழக்கம் அவரோடு தொடங்கியதல்ல. நபியின் மனைவி அன்னை ஆயிஷாவிடம் பாடம் கேட்ட அம்ரா என்ற பெண் அறிவித்த ஹதீஸ்களை எழுதிவைக்குமாறு கலீஃபா இரண்டாம் உமர் மதீனாவுக்குக் கட்டளை அனுப்பியிருக்கிறார். உஸ்மானுக்கே தாயும் பாட்டியும் பாடம் சொல்லியிருக்கிறார்கள். மனைவி மக்களை அறியாமையில் விட்டுவிட்டு மாணவர்களுக்கு மட்டும் ஓதிக்கொடுக்கும் ஆலிம்களை அவர் கண்டித்தும் எழுதினார். அஸ்மாவின் புதுமை வேறு: ஆலிம் குடும்பங்களுக்குள் புழங்கிய கல்வியை அவர் நாட்டுப்புறத்துக்குக் கொண்டுபோனார். ஊர்ப் பெண்களுக்கு ‘ஜாஜி’ என்ற தலைவியை நியமித்தார். பிள்ளைப்பேற்று வயதைக் கடந்தவர்களும் மணமாகாத சிறுமியரும் ஜாஜியின் பின்னால் நடந்து சொக்கோட்டோவுக்கு வந்து, பாடங்களை மனனம் செய்துகொண்டு, வீட்டைவிட்டு வரமுடியாத இளந்தாய்மாருக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இது ஆட்சியின் கருவிதானே என்பது வலுவான ஆட்சேபம். உஸ்மான் 1804இல் தொடங்கிய ஜிஹாதில் 1808இல் கோபிர் அரசு வீழ்ந்தது. அங்கே ஆவி வழிபாட்டுப் பெண்களின் தலைவி அணிந்த ‘மல்ஃபா’ என்ற புல் தொப்பியையே அஸ்மாவு ஜாஜிகளுக்கு அணிவித்து, அதன்மேல் சிவப்புத் துணியும் கட்டினார். தோற்றவர்களின் சின்னத்தை வென்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பாடத்தைப் பார்த்தால் அந்த விளக்கம் போதவில்லை. ஆட்சிக்கு விசுவாசம் மட்டும் வேண்டியிருந்தால் துதிப்பாடல் போதும். அஸ்மாவோ குர்ஆனின் 114 அத்தியாயப் பெயர்களையும் ஒரே பாடலில் கோத்தார். அதை மனனம் செய்தவளிடம் ஒரு பாடத்திட்டமே இருந்தது, ஒவ்வொரு பெயரும் ஒரு விளக்கத்துக்குத் தலைப்பு. சூஃபிப் பெண்களைப் பற்றி அவர் எழுதிய கவிதையில் பழங்காலத்து ஞானியரோடு தம் சமூகத்துப் பெண்களின் பெயர்களும் இடம்பெறுகின்றன.

மனப்பாடம் கல்வியாகுமா என்றும் கேட்கலாம். ஹதீஸ் கலையே மனனத்தில் வளர்ந்தது என்பதால் இந்தக் கேள்வியைப் பெண்களிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை. பெண்கள் வீட்டோடு இருக்கும் வழக்கத்தை அஸ்மாவு எதிர்க்கவில்லை என்ற குறை உண்மைதான். கற்பவள் வெளியே வரமுடியாத இடத்தில் கற்பிப்பவளை நடக்கவிட்டார், அவ்வளவே. அவருக்குப் பின் சகோதரி மர்யம் பணியைத் தொடர்ந்தார். 1903இல் பிரிட்டிஷார் சொக்கோட்டோவைப் பிடித்து அதிகாரத்தைப் பறித்தபோதும் யன் தாரு கலையவில்லை. அமெரிக்காவில் கறுப்பின முஸ்லிம் பெண்கள் சிலர் இப்போது அதே பெயரில் கூடிக் கற்கிறார்கள்.